சுத்துது, சுடேல்லை

"சுத்துது பிள்ளை, சுடேல்லை"
என்றுதான் பிலோமினா அக்கா போனில் சொன்னா.
நோயை இவ்வளவு சரியாய்ச் சொல்பவர்கள் குறைவு.
பாதி வேலை அதிலேயே முடிந்தது.

மாங்குளம் சந்தி தாண்டி, ஏ-ஒன்பது வீதியோரம்
தகரக் கூரைச் சலவைக்கடை.
மூன்று நாளாய் விடாத மாரி.
லொட்ஜ் விரிப்புகள் பதினாறு,
திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கூட வெள்ளைகள்,
ஆரோ ஒருவரின் கலியாண வேட்டி,
எல்லாம் கயிற்றில் நெருக்கியடித்துத் தொங்கி
ஈரத்தை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கின.

உலர்த்தியின் கதவைத் திறந்து கையை விட்டேன்.
ஒரு மணி நேரம் சுற்றிய துணி
கிணற்றுக் கயிறுபோலக் குளிர்ந்து கிடந்தது.
மோட்டரில் பிழையில்லை. வாரில் பிழையில்லை.
பிளக்கைக் கழற்றி, பின்தகட்டின் எட்டு ஸ்குரூவையும்
ஒரு சிரட்டையில் போட்டேன்.
மல்டிமீற்றரை ஒலிக்குத் திருப்பினேன்.

சூட்டுச் சுருள்: பீப்.
தெர்மோஸ்ரற்: பீப்.
பக்கத்தில் விரல்நகம் அளவில் ஒரு வெள்ளை உருகி.
முள்ளை வைத்தேன்.
ஒன்றுமில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன்.
ஒன்றுமில்லை.

ஐந்து வருடம் நான் கண்ணிவெடி அகற்றினேன்,
அம்பகாமக் காட்டோரம், முழங்காலில் நின்று,
ஒரு மீற்றர் அகல ஒழுங்கைக்குள்
இதே ஒலிக்குக் காதைக் கொடுத்தபடி.
பீப் என்றால் அசையாதே.
ஒன்றுமில்லை என்றால் ஒரு சாண் முன்னே போ.
இப்போது, கடன்பட்டுப் படித்த தொழிலில்
பீப் என்றால் வழி இருக்கிறது,
ஒன்றுமில்லை என்றால் அறுந்திருக்கிறது.
மூளைக்குச் சொல்லிவிட்டேன்.
முழங்காலுக்குத்தான் இன்னும் சொல்லி முடியவில்லை.
ஒவ்வொரு பீப்புக்கும் அது இறுகி
பிறகுதான் இளகுகிறது.

"உருகி எரிஞ்சுபோச்சு அக்கா."
"ஒரு துண்டு வயரால முடிஞ்சுவிடன்.
லொட்ஜ்காரர் ஆறு மணிக்கு வருவினம்."

முடியலாம். சுடும்.
எந்த இடத்தில் போதும் என்று சொல்ல
வயருக்குத் தெரியாது.
இது தான் உருகி மற்றதைக் காப்பாற்றிய சாமான்,
சும்மா உருகியிருக்காது.
எதைக் கண்டு பயந்தாய் என்று
குழாயைத் தடவிக்கொண்டே சுவருக்கு வெளியே போனேன்.

தாழ்வாரத் தகரத்தின் கீழே
காற்றுப்போக்கியின் மூடியில் ஒரு குளவிக்கூடு.
சின்னக் குளவிதான். ஒரு நெல்லிக்காயளவு மண்.
அதைச் சரியாய்ப் பிணைச்சலில் பூசி
மூடியை மூடினபடியே இறுக்கிவிட்டிருந்தது.
உள்ளே ஒன்றரை முழத்துக்குப் பஞ்சு:
லொட்ஜின் நீலம், பள்ளிக்கூட வெள்ளை,
ஆருடையதென்று தெரியாத கொஞ்சம் சிவப்பு.
வெளியே போகாத சூடு
வந்த வழியே திரும்பியிருக்கிறது.

ஒரு தட்டில் உடைத்திருக்கலாம்.
கை அப்படிச் செய்யவில்லை.
முப்பது பாகை சாய்த்து, பக்கவாட்டில்,
மண்ணைத் துளித்துளியாய்ச் சுரண்டியது.
உள்ளே மயங்கிக் கிடந்த மூன்று சிலந்தி,
அவற்றின்மேல் ஒரு வெள்ளைப் புழு.

உருகி வவுனியாவில் நானூற்றைம்பது ரூபாய்.
இரண்டரை பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.
வீதியோரம் குடையோடு நின்றேன்.
பஸ் சரியாய் நிற்கவுமில்லை.
கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி
நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்த கடிதவுறையை
என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மாட்டினேன். பீப்.
இறுகியது. இளகியது.
எட்டு ஸ்குரூ. சிரட்டையில் மிச்சமில்லை.
பிளக்கைப் போடமுதலே அக்கா வெளியே போய்
மூடிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றா.
மூடி படபடத்தது.
"வருது, வருது!" என்றா.
மழைக்குள் ஒரு முழ நீளத்துக்கு ஆவி.

மாரி முடியக் குளவி திரும்பி வரும்,
மாதம் ஒருக்கா மூடியைத் தட்டிப் பாருங்கோ என்று
பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.
காசை எண்ணித் தந்துவிட்டு
உள்ளேயிருந்து ஒரு தலையணை உறையை உருவி
"தலையைத் துடை பிள்ளை" என்றா.
சுட்டது.